அரிசி வாளிக்குள் கண்டோஸ்

சொக்லேட்டை அரிசி வாளிக்குள் ஒளிக்கலாம் என்று கண்டுபிடித்தது நாங்கள்தான். பிரிட்ஜில் வைத்தால் கண்ணில் படும். வெளியில் வைத்தால் வண்ணாத்திவில்லு வெயிலுக்கு உருகிவிடும். அதோடு, இராச் சோற்றை நிறுத்தியிருந்த நேரம் அது. அரிசி வாளிப் பக்கம் போகவே மாட்டோம் என்று எங்களை நாங்களே நம்பினோம்.

நாங்கள் என்றால் ராத்தாவும் தங்கச்சியும். மூத்தவள் கம்பஸ் லீவில் வந்தவள், இளையவள் ஏ.எல். படிப்பவள். ஒரு கலியாண வீட்டில் சாச்சி ஒருத்தர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா ஊதிட்டீங்களே, இனி மாப்பிள்ளை தேடுறதும் கஷ்டம்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அண்டைக்கு இரவே சட்டம் போட்டாச்சு: சோறு ஒரு நேரம்தான், சீனி இல்லை, சொக்லேட் அறவே இல்லை, காலையில் நடை.

நடை முதல் நாளே பிழைத்தது. விடியமுதல் எலுவன்குளம் றோட்டில் இறங்குவமெண்டா யானைப் பயம். விடிஞ்சா வெயில். பின்னேரம் என்றால் வழியெல்லாம் தெரிந்த முகங்கள், "எங்க மகள் போறீங்க?" என்ற கேள்வி. மிஞ்சியது சாப்பாட்டைக் குறைப்பது மட்டும்தான்.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு வாளியைத் திறந்தோம். கை முதலில் தொட்டது எங்கட சொக்லேட்டை இல்லை. பேப்பரில் சுத்தின பனங்கட்டித் துண்டு. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடும் மூத்தம்மாவின் வேலை அது. பார்க்காத மாதிரித் திரும்ப வைத்தோம். "ஒரு கட்டி மட்டும்" என்று தொடங்கிய எங்கட கதை, தாளை நக்குவதில் முடிந்தது.

அடுத்த நாள் குற்றவுணர்வில் காலைச் சாப்பாட்டையும் விட்டோம். அதனால் இரவில் பசி இன்னும் கூடியது, பசி கூடியதால் திரும்பவும் வாளி. இப்படியே ரெண்டு கிழமை. ஒருநாள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த இளையவள் கண் இருண்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். உம்மா முகத்தில் தண்ணி தெளித்து, "காலைல என்னடி சாப்பிட்ட?" என்று கேட்டார். ரெண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆசிய உடம்புகளுக்கு அது 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூத்தவளுக்கு 26. கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும். இளையவளுக்கு 21. அவளுக்குக் குறைக்க ஒன்றுமே இருக்கவில்லை. சாச்சியின் ஒரு வசனத்துக்காகத்தான் அவள் மண்ணில் விழுந்திருக்கிறாள்.

சொக்லேட் குற்றமற்றது என்று சொல்லவில்லை. பால் சொக்லேட்டில் பாதியளவு சீனிதான். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். 50 கிராம் பார் ஒன்று அதை அப்படியே முடித்துவிடும். ஆனால் அந்த ஆசை எங்கே இருந்து வருகிறது?

1994இல் அமெரிக்காவில் மிச்சனர், ரோசின் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சொக்லேட் ஆசை வரும்போது, கொக்கோவில் உள்ள இரசாயனங்களை மட்டும் குளிசைக் கூட்டில் அடைத்துக் கொடுத்தார்கள். ஆசை தீரவில்லை. கொக்கோத் தூள் சேராத வெள்ளைச் சொக்லேட் ஓரளவுக்குத் தீர்த்தது. அதாவது கேட்பது இரத்தம் இல்லை, வாய். கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும். வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம்தான் கூட. நாக்கில் வைத்ததும் கரையும் அந்தச் சுகத்தைத்தான் நாங்கள் தேடியிருக்கிறோம். முதல் ரெண்டு கட்டியிலேயே அது கிடைத்துவிடுகிறது. மிச்சத்தைத் தின்றது பசியும் பயமும்.

இன்னொன்றும் யோசித்தோம். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க ஒன்றும் வாயில் படாது. கடையில் அதே சொக்லேட் தொங்கும். ஆனாலும் இப்படி ஆட்டி வைப்பதில்லை. அப்போது மட்டும் எங்களுக்கு மனஉறுதி எங்கிருந்து வருகிறது? நோன்பில் வீடே சேர்ந்து பசித்திருக்கிறது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் இருக்கும் என்று வயிற்றுக்குத் தெரியும். யாரும் எங்கட உடம்பைப் பிழை சொல்வதில்லை. ஒளிக்கவும் ஒன்றும் இல்லை. டயட்டிலோ நாங்கள் வீட்டுக்குள்ளேயே தனித்துப்போனோம். பசிக்கு முடிவு எப்போது என்றும் தெரியாது.

இப்போது மூன்று நேரமும் சாப்பிடுகிறோம். மூத்தவள் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டலையும் மீனையும் கூட்டிக்கொண்டாள். பின்னேரம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராக நடக்கிறோம். கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொக்லேட்டை எல்லோருக்கும் முன்னால் உடைத்து, சீனி போடாத பிளேன்டீயோடு சாப்பிடுகிறோம். இரண்டு மாதத்தில் மூத்தவளுக்கு இரண்டு கிலோ குறைந்தது. சாச்சிக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லப்போவதில்லை.

முதல் வெள்ளி சொக்லேட்டை உடைக்கும்போது மூத்தம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கம்பனியுடையது என்றாலும் அவருக்கு அது கண்டோஸ்தான்.

"எனக்கும் ஒரு சின்னக் கட்டி கண்டோஸ் தாங்க. வாளிக்குள்ள கிடக்கிறத நீங்களே எடுங்க" என்றார்.

உம்மா திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தோம். அவர் ஒரு கட்டியைப் பாதியாக உடைத்து மூத்தம்மாவின் கையில் வைத்துவிட்டு, பனங்கட்டியை எடுக்க அரிசி வாளிப் பக்கம் போனார்.