கோலும் தோலும்

தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர்கள் நாம். திண்டுக்கல் பேகம்பூர்த் தெருக்களில் நடந்து பழகிய நமக்கு, தோலைப் பற்றிய கேள்வி ஒன்று பில்லியர்ட்ஸ் மேசையின் வழியாக வந்து சேரும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. வந்தது, விடை சொல்லத் தெரியாமல் வெட்கமும் அடைந்தோம்.

நம் தமக்கையின் மகன் கல்லூரியில் படிக்கிறான். நகரில் உள்ள ஆட்டக்கூடம் ஒன்றில் 'பூல்' ஆடி வருகிறான். ஒருநாள் மாலை தாயையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தான். சொந்தமாக ஒரு கோல் வேண்டுமாம். பந்தை அடிக்கும் அந்தக் கோலை இளைஞர்கள் 'க்யூ' என்பார்கள். "மாமு, மரத்துல வாங்கலாமா, கார்பன்ல வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றான். மரக்கோலின் விலை தாங்கக்கூடியது. கார்பன் இழைக்கோலோ, அவன் தாய் மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை முழுவதையும் விழுங்கிவிடும்.

"இது கிளப்புத் துரைமார்களின் பொழுதுபோக்கல்லவா? நமக்கெதற்கு?" என்று கடிந்துகொள்ளவே முதலில் நா எழுந்தது. அடக்கிக்கொண்டோம். துரைமார்கள் ஆடியது உண்மைதான். ஆயினும் இதன் உடன்பிறப்பான 'ஸ்னூக்கர்' தோன்றியதே இந்திய மண்ணில்தான். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. அதன் விதிகள் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் உருப்பெற்றன. 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். மும்பையைச் சேர்ந்த யாசின் மர்ச்சண்ட் 1989-இலும் 2001-இலும் ஆசிய ஸ்னூக்கர் பட்டத்தைச் சூடினார். நம்மவர்களும் பெருமை தேடிய ஆட்டத்தை அந்நியம் என்று ஒதுக்குவது எங்ஙனம்?

ஆட்டத்தைத் தடுப்பதைவிட, அதில் ஒட்டிக்கொண்ட தீங்கைத் தடுப்பதே முறை எனத் தெளிந்தோம். "தோற்றவன் மேசை வாடகையைக் கொடுப்பது உங்கள் வழக்கமா?" என்று கேட்டோம். அவன் தலை கவிழ்ந்தது. பல ஆட்டக்கூடங்களில் நிலவும் நடைமுறை இது. அற்பத் தொகைதானே எனலாம். ஆனால் தோற்றவன் இழக்க, வென்றவன் ஆதாயம் அடையும் பணயம் எவ்வளவு சிறிதானாலும் சூதின் சாயல் கொண்டது. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 90-ஆம் வசனம் மதுவுடன் சேர்த்தே சூதாட்டத்தை விலக்குகிறது. "வாடகையை இருவரும் சமமாகக் கொடுங்கள். அதன்பின் கோலைப் பற்றிப் பேசுவோம்" என்றோம். ஒப்புக்கொண்டான்.

இனிக் கோலுக்கு வருவோம். மரக்கோல்களுக்கு மேப்பிள், ஆஷ் என்னும் குளிர்நாட்டு மரங்களே பெரிதும் பயன்படுகின்றன. பூல் கோலுக்கு மேப்பிள். ஸ்னூக்கர் கோலுக்குப் பெரும்பாலும் ஆஷ். வெட்டுண்ட பின்னும் மரம் காற்றின் ஈரத்தை உண்ணும். வறட்சியில் அதனை விட்டுவிடும். சித்திரை வெயிலில் காயும் நம் சமவெளியில் ஐப்பசி மழை இறங்கும்போது, சுவரில் சாய்த்து வைத்த கோல் மெல்ல வளைந்துவிடக்கூடும். கார்பன் கோலுக்கு அந்த அச்சமில்லை. தலைமயிரினும் மெல்லிய கரி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த தண்டு அது. எளிதில் பள்ளமும் விழாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தின் நடுவில் அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிடும்போது, அது குறித்த கோட்டிலிருந்து எதிர்ப்புறமாகச் சற்றே விலகி ஓடும். கோலின் முனைப்பகுதி கனமாக இருந்தால் விலகலும் கூடும். கார்பன் தண்டை உள்ளீடின்றி இலேசாகச் செய்ய முடிவதால் விலகலைக் குறைக்க இயலும். பூல் ஆட்டத்தின் முன்னணியினர் பலர் கார்பனுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்னூக்கர் வல்லுநர்களோ பெரும்பாலும் ஆஷ் மரத்தை விடவில்லை. அடி விழும் கணத்தில் மரம் கைக்குச் சொல்லும் சேதியைக் கார்பன் சொல்வதில்லை என்பது மரத்தை விரும்புவோர் கட்சி.

"கோடு பிசகாமல் அடிக்கும் கை முதலில் அமையட்டும். கையின் பிழையைக் கோல் திருத்தாது" என்றோம். அவன் முகம் வாடியது.

அதுவரை வாய் திறவாமல் அமர்ந்திருந்த தமக்கை, அவன் கொண்டுவந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோல் எதுல இருந்தா என்ன, தம்பி? நுனியில ஒட்டியிருக்கே, அது என்ன தோல்?"

நமக்குப் பேச்செழவில்லை.

நம் அத்தா தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். ஆவாரம்பட்டையின் மணத்தோடு வீடு திரும்புவார். கையால் தடவியே வெள்ளாட்டுத் தோல், செம்மறித் தோல், மாட்டுத்தோல் எனப் பிரித்துச் சொல்வார். சுண்ணாம்புக் குழியிலும் தொட்டியிலும் நின்ற இவ்வூர்த் தொழிலாளர் பட்ட பாட்டை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக வடித்து, 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். இத்தகைய ஊரில், அத்தகைய அத்தாவின் மகனான நமக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. அவருடைய மகளுக்குத் தோன்றியது.

விசாரித்தோம். கோல்முனையில் தோல் பொருத்தும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் பிரெஞ்சுக்காரரான மெங்கோ என்பவர். வெறும் மரமுனை வழுக்கும்; தோல்முனை பந்தைப் பற்றும். பந்தைச் சுழலவிடும் கலையே அதன்பின்தான் வளர்ந்தது. மரமோ கார்பனோ, பந்தைத் தொடுவது சுமார் 12 அல்லது 13 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் தோல்வட்டமே. அதில் இருவகை உண்டு: தடித்த தோலில் ஒரே துண்டாக வெட்டியது, மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டியது. அடுக்குத் தோல்களில் பல பன்றித்தோலால் ஆனவை. தம்பிப்பிள்ளை விரும்பிய கார்பன் கோலின் நுனியும் அதுவே என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்.

பதனிட்டால் தோல் தூய்மையாகும் என்ற விதி, ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் பன்றித்தோலுக்குப் பொருந்தாது. உலர்ந்த கை உலர்ந்த பொருளைத் தொட்டால் அசுத்தம் ஒட்டாது என்பது சரியே. ஆனால் நுனியின் ஓரம் பிசிறிட்டால், விரலை நாவில் தொட்டு ஈரமாக்கி அதைத் தேய்த்து மெருகிடுவது ஆட்டக்காரர் பலரின் பழக்கம். "நானும் செய்திருக்கிறேன், மாமு" என்று மெல்லச் சொன்னான் பிள்ளை.

கார்பன் கோலிலும் மாட்டுத்தோல் நுனியைப் பொருத்தலாம். ஆகவே மரமா, கார்பனா என்பது பணத்தையும் பழக்கத்தையும் பொறுத்த தேர்வு. அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. என்ன தோல் என்பதுதான் ஈமானோடு தொடர்புடைய தேர்வு. விலையைப் பற்றி நெடுநேரம் வாதிட்ட நாம், இதைக் கேட்காமலே விட்டிருப்போம்.

முடிவில், ஒரே துண்டு மாட்டுத்தோல் நுனியுள்ள மேப்பிள் கோல் ஒன்றை வாங்கினான். தமக்கையின் சீட்டுப்பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. ஆடி முடித்ததும் கோலைத் துணியால் துடைத்து உறையிலிட்டு, படுக்கைவாட்டில் வைக்கிறான். வாடகையில் பாதியைத் தானே கொடுக்கிறான். வென்ற நாளிலும் கொடுக்கிறான்.

சென்ற வாரம் வந்தபோது வேறொன்று சொன்னான். ஆட்டக்கூடத்தின் பொதுக்கோல்களில் இருப்பது என்ன தோல் என்று உரிமையாளரிடம் கேட்டானாம். அவருக்கும் தெரியவில்லையாம், விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாராம். அத்தா இருந்திருந்தால் தடவிப் பார்த்தே சொல்லியிருப்பார். நமக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. கேட்கும் வாயையாவது வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!