தண்ணீரில் ஒரு தாகம்

கல்லாய்ப் போன மரத்தைப் பார்க்கத்தான் நான் புறப்பட்டேன். ஆனால் என் மனத்தில் நின்றுவிட்டதோ, ஒரு சாண் உயரம்கூட இல்லாத பச்சைப் பயிர்!

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்க உங்களில் பலர் போயிருப்பீர்கள். கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, அப்படியே திருச்சி பஸ்ஸைப் பிடித்திருப்பீர்கள். இன்னும் சற்றுத் தூரம் போனால் பெரம்பலூர். அந்த ஜில்லாவில்தான் சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். மண்ணுக்குள் புதைந்த மரம் மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது.

தீபாவளிக்கு என் நாத்தனார் வீட்டுக்குப் பெரம்பலூர் போயிருந்தேன். கல்மரத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனவன் அவளுடைய மகன், விவசாயக் கல்லூரியில் படிக்கிறவன். முதல் நாள் இரவெல்லாம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது. வழியெங்கும் கரிசல் காடு. அதில் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம்.

"இந்தச் சோளத்தை யார் சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான், அத்தை!" என்றான் பையன். "பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் கோழிக்கு இதுதான் சாப்பாடு. முட்டையாக உங்கள் சமையலறைக்கு வந்துவிடுகிறது."

ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினான். சாலை ஓரத்து நிலத்தில் வயதான ஓர் அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தாள். நிலம் முழுவதும் குளம் போல் தண்ணீர். விதைத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்ததாம். நாலு நாலு இலையோடு பயிர்கள் தண்ணீருக்குமேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. வேடிக்கை என்ன தெரியுமா? அத்தனை தண்ணீருக்கு நடுவில், வெயிலில் காய்ந்ததுபோல் அவை வாடித் துவண்டிருந்தன!

"தண்ணீரில் நிற்கிற பயிர் ஏனப்பா வாடுகிறது?"

"மூச்சு முட்டுகிறது, அத்தை. வேரும் சுவாசிக்க வேண்டுமே! மண் துகள்களின் இடுக்கில் இருக்கிற காற்றைத்தான் அது நம்பியிருக்கிறது. அந்த இடுக்கெல்லாம் இப்போது தண்ணீர். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பிராணவாயு பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணில் மிச்சமிருந்த பிராணவாயு சுமார் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே தாகம்!"

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "தம்பி, படிச்ச பிள்ளை நீதான் சொல்லணும். இது பிழைக்குமா, இல்லே அழிச்சிட்டு மறுபடி விதைக்கணுமா? விதை வாங்கின கடனே இன்னும் அடையலே."

பையன் யோசித்தான். "இன்றைக்குள் தண்ணீர் வடிந்தால் பிழைக்கும், பாட்டி. இந்தப் பயிருக்கு ஆறு இலை வரும் வரைக்கும் உயிர்க்குருத்து மண்ணுக்குள்ளேதான் இருக்கும். அது இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வெயில் ஏறித் தண்ணீர் சூடானால் அவ்வளவு நாள்கூடத் தாங்காது. தண்ணீர் வடிந்தபின் நாலைந்து நாள் பொறுத்திருந்து பாருங்கள். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்."

கல்மரத்தைப் பார்த்தேன், பிரமித்தேன். ஆனால் நினைப்பெல்லாம் அந்தச் சோளக்காட்டின் மேல்தான். எட்டாம் நாள் நானே பையனை நச்சரித்து அங்கே மறுபடியும் போனேன்.

மேட்டுப் பக்கத்துப் பயிரெல்லாம் நிமிர்ந்து நின்றது! அடி இலைகள் மஞ்சளாகியிருந்தாலும் நடுவில் புதுக் குருத்து விட்டிருந்தது. பையன் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினான். பழைய வேர்கள் பழுப்பேறிக் கிடந்தன. ஆனால் தண்டின் அடிக்கணுவில், மண் மட்டத்தை ஒட்டி, வெள்ளை வெளேரென்று புது வேர்கள்! ஆழத்தில் காற்றில்லை என்று தெரிந்ததும், காற்றிருக்கும் இடத்தில் புதிதாக வேர் விட்டிருக்கிறது பயிர்.

பிறகு அந்தப் புது வேரைச் சவர பிளேடால் குறுக்கே நறுக்கி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். தாமரைத் தண்டை நறுக்கினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியுமல்லவா? அது மாதிரி, மிகச் சிறிய ஓட்டைகள்!

"தண்ணீர் சூழ்ந்ததும் வேருக்குள் எதிலீன் என்கிற வாயு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடுகிறது. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுகிறார்களே, அந்தப் புகையில் காயைப் பழுக்க வைப்பதும் இந்த வாயுதான். வேரின் சதையில் உள்ள சில அணுக்களுக்கு இது உத்தரவு மாதிரி. அவை தாமாகவே கரைந்து மடிந்துவிடும். மடிந்த இடம் காற்றுக் குழாய் ஆகிவிடும். மேலே இருந்து பிராணவாயு அதன் வழியாக வேர் நுனிக்கு இறங்கும்" என்றான்.

மற்ற அணுக்கள் மூச்சுவிடச் சில அணுக்கள் உயிரை விடுகின்றன! குடும்பத்தில் யாரோ ஒருத்தி தன் பங்கைச் சாப்பிடாமல் பிள்ளைகளுக்கு வைப்பதில்லையா? எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

எதிலீனுக்கும் இந்தக் காற்றுக் குழாய்க்கும் புது வேருக்கும் உள்ள தொடர்பை ட்ரூ, ஜாக்சன், கிஃபர்ட் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1979-இல் மக்காச்சோளத்தில் ஆராய்ந்து எழுதினார்களாம்.

"நெல் மட்டும் தண்ணீரிலேயே சுகமாக நிற்கிறதே?" என்றேன்.

"நெல்லுக்குக் குழாய் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. மக்காச்சோளம் ஆபத்து வந்த பிறகுதான் குழாய் போட ஆரம்பிக்கும். ஆனால் அதற்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது. நிகராகுவா நாட்டுக் கடலோரத் தாழ்நிலத்தில் வளரும் காட்டுச்செடி. 2000-ஆம் ஆண்டில்தான் அதைத் தனி இனம் என்று தாவர சாஸ்திரிகள் எழுதினார்கள். தண்ணீர் தேங்குவதற்கு முன்பே அதன் வேரில் குழாய் இருக்கும். அந்தக் குணத்தை மக்காச்சோளத்துக்குக் கொண்டுவர ஜப்பானிய விஞ்ஞானிகள் இரண்டையும் கலந்து பார்த்திருக்கிறார்கள்."

அதற்குள் அந்த அம்மாள் எங்களைப் பள்ளத்து மூலைக்கு அழைத்துப் போனாள். என் மனசு திக்கென்றது. அங்கே பயிரே இல்லை. அழுகிய தாள்கள்தான் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. பையன் ஒரு தண்டைக் கீறினான். இளந்தேங்காய் போல் வெள்ளையாக இருக்க வேண்டிய உயிர்க்குருத்து பழுப்பாகக் குழைந்திருந்தது.

"இங்கே மட்டும் நாலு நாள் தண்ணி நின்னுடுச்சு. ஒத்தை ஆளா வெட்டினேன், இந்த மூலைக்கு வரதுக்குள்ளே நேரம் போயிட்டுது" என்றாள் அவள்.

அதே விதை, அதே மழை, அதே கை விதைத்தது. மேட்டில் இருந்தது பிழைத்தது. பள்ளத்தில் இருந்தது போயிற்று. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் இரண்டு மூன்று நாள்தான். குழாய் போட்டு முடிக்கப் பயிருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

தேங்கிய தண்ணீரோடு மண்ணின் தழைச்சத்தும் போய்விடுமாம். அதனால்தான் மஞ்சள். ஈரம் சற்று ஆறியதும் கொஞ்சம் யூரியா இடச் சொன்னான் பையன். "அடுத்த தடவை சமதரையில் போடாமல் பார் கட்டி, அதன் பக்கத்தில் விதையுங்கள், பாட்டி. தண்ணீர் சாலில் ஓடிவிடும். வேர் மேட்டில் இருக்கும்."

"கட்டிடறேன், தம்பி" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பயிரு அதும் பங்கைச் செஞ்சிட்டுது, தாயீ. தண்ணிக்கு வழி விடற பங்கு நம்மளுது. அதிலேதான் நான் பாதி தோத்துட்டேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மாடிக்குப் போனேன். அந்த ரோஜாச் செடி ஒரு மாதமாக மஞ்சளித்துக் கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தினமும் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடித்துவாரத்தை மண் அடைத்திருந்தது.

ஒரு குச்சியை எடுத்துக் குத்திவிட்டேன். உங்கள் வீட்டுத் தொட்டிகளையும் இன்றைக்கே ஒரு தரம் சாய்த்துப் பாருங்களேன்!