வசம்பும் செல்போனும்

கொடைக்கானலில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாசனை நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் கூப்பிடாமலே உள்ளே வந்துவிடும். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் நமத்துப்போகும். பீரோவில் இருக்கும் புத்தகங்களின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூக்கும். அந்தப் பூசண வாசனையைத்தான் சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது குளிர்ச்சி. குடியிருப்பவர்களுக்கு ஈரம்.

என் அப்பா பழனி மலைக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை என்று மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் புத்தகப் பெட்டிகளும் பஸ் கூரையில் ஏறிப் போயின. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோந்து தடவி, காலிகோ துணி ஒட்டி அவரே பைண்டிங் செய்வார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. விட்டுச் சென்றது சுமார் 600 புத்தகங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்றமும் இறக்கமுமான கொடைக்கானல் தெருக்களில் நடக்க முடியவில்லை. திண்டுக்கல்லில் எங்களோடு வந்து இருப்பது என்று முடிவானது. வாடகை வீட்டை மாசிக்குள் காலி செய்ய வேண்டும். பாத்திரம், கட்டில் எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிட்டது. புத்தகங்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து தம்பி போனில் சொன்னான்: “எல்லாத்தையும் போன்லயே ஸ்கேன் பண்ணிடலாம்க்கா. அப்புறம் பழைய பேப்பர் கடையில போட்டுடலாம். இப்ப யாரு புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறா?”

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: “உங்கப்பா கை பட்ட ஒரு தாள்கூட வெளிய போகக் கூடாது.”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது கொரியாதான் ஞாபகம் வந்தது.

கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக நாங்கள் நான்கு வருடம் தென்கொரியாவில் டேஜோன் நகரத்தில் இருந்தோம். செல்போனும் டி.வி.யும் செய்து உலகத்துக்கே விற்கிற நாடு. ஆனால், போன புதிதில் என்னை அசத்தியது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அங்கே ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை ‘சாங்மா’ என்கிற அடைமழைக் காலம். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் துணி அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை வைப்பார்கள். உள்ளே கால்சியம் குளோரைடு. சில வாரங்களில் அதில் பாதிக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிடும். அதில் பிரபலமான ஒன்றின் பெயருக்கு ‘தண்ணீர் குடிக்கும் நீர்யானை’ என்று அர்த்தம். பெயரைக் கேட்டுவிட்டு நான் கடையிலேயே சிரித்துவிட்டேன்.

கொரியாவில் கிம்ச்சிக்கென்றே தனியாக ஒரு ஃபிரிட்ஜ் வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் பனிக்காலத்துக்கான கிம்ச்சியை மண் ஜாடியில் போட்டு நிலத்தில் புதைத்து வைப்பது வழக்கம். மண்ணுக்கடியில் குளிர் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கும். அடுக்குமாடி வீடுகள் வந்த பிறகு புதைக்க மண்ணுக்கு எங்கே போவது? அந்த மண் ஜாடியின் குளிரை அப்படியே தருவதற்காகச் செய்ததுதான் கிம்ச்சி ஃபிரிட்ஜ். நம் பூம்பாறையில் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிப் பாதுகாப்பார்களே, அதைப் பார்த்து யாராவது ஒரு மெஷின் செய்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

கொரியாக்காரர்கள் புத்தகத்தைக் காப்பாற்றிய கதையை அங்கே இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஜோசன் வம்சத்தில் ஒவ்வொரு அரசர் காலமானதும் அவருடைய ஆட்சியின் வரலாற்றை எழுதி வைப்பார்கள். 25 அரசர்கள், 472 ஆண்டு வரலாறு. அதைப் பிரதி எடுத்து நான்கு ஊர்களில் வைத்திருந்தார்கள். 1592-ல் ஜப்பான் படையெடுத்தபோது மூன்று ஊர்களில் இருந்தவை எரிந்து சாம்பலாகின. ஜொன்ஜு என்ற ஊரில் இருந்தது மட்டும் தப்பியது. அன் ஊய், சோன் ஹோங்-ரோக் என்ற இரண்டு அறிஞர்கள் அதை நேஜாங் மலைக்குத் தூக்கிப் போய் மறைத்துக் காவல் இருந்தார்கள். போர் முடிந்ததும் அதிலிருந்து மறுபடி பிரதிகள் அச்சிட்டு, இந்த முறை ஊர்களை விட்டு மலைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

மலை என்றால் ஈரம் இருக்குமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரண்மனையிலிருந்து அதிகாரி வர வேண்டும் என்பது விதி. மழையில்லாத நல்ல நாளாகப் பார்த்துப் பெட்டிகளைத் திறந்து, புத்தகங்களை வெயிலிலும் காற்றிலும் உலர்த்திவிட்டு மறுபடி அடுக்குவார். இதற்கு ‘போஸ்வே’ என்று பெயர். பெட்டியை மூடும் முன் பூச்சி வராமலிருக்க மூலிகைப் பொடி வைப்பார்கள். அதில் ஒன்று ‘சாங்போ’. அது என்ன செடி என்று தேடிப் பார்த்தேன். நம்ம வசம்பு!

‘பிள்ளை வளர்ப்பான்’ என்று நம் பாட்டிகள் கொண்டாடுகிற அதே வசம்புதான். நம் ஊரில் ஓலைச்சுவடிகளையும் பூச்சி அரிக்காமல் காத்தது அதுதான். எங்கோ இருக்கிற ஒரு நாட்டு அரசனின் சரித்திரமும் நம் சுவடிகளும் ஒரே வேரை நம்பி இருந்திருக்கின்றன என்று தெரிந்தபோது, அந்த நாடு எனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது.

காயா மலையில் ஹேயின்சா என்றொரு புத்தக் கோயில். 13-ம் நூற்றாண்டில் செதுக்கிய 80,000-க்கும் மேற்பட்ட மர அச்சுப் பலகைகள் அங்கே இருக்கின்றன. நாங்கள் போனபோது மரச்சட்டங்களின் இடைவெளி வழியாக எட்டித்தான் பார்க்க முடிந்தது. மின்விசிறியோ ஏ.சி.யோ கிடையாது. முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, மேல் ஜன்னல் சின்னது. பின்சுவரில் அப்படியே தலைகீழ். காற்று ஒரு பக்கம் நுழைந்து, உள்ளே சுற்றி, மறுபக்கம் வெளியேறும். தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு. மழைக்காலத்து ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். 1970-களில் நவீன வசதியோடு புதுக் கட்டடம் ஒன்று கட்டி, சோதனைக்குச் சில பலகைகளை அங்கே வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் பூசணம் வந்துவிட்டது. மற்றவை பழைய கட்டடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னால் தம்பி, “அப்ப ஸ்கேன் வேண்டாங்கிறியா?” என்று கேட்பான் என்று தெரியும். அவனுக்குப் பதில் கொடைக்கானலிலேயே இருந்தது.

இங்கே சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் வந்தது. 1904-லிருந்து சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளில், பிறகு ஃபிலிம்களில். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற ஆராய்ச்சியாளரும் பயன்படுத்தலாம். ஆனால், ஸ்கேன் செய்தாயிற்று என்று தகடுகளைக் கடாசிவிடவில்லை. அதனால்தான், இன்னும் துல்லியமாக ஸ்கேன் செய்யும் கருவிகள் வந்தபோது, பழைய தகடுகளை எடுத்து மறுபடியும் ஸ்கேன் செய்ய முடிந்தது. முதல் ஸ்கேனோடு தகடுகளைத் தொலைத்திருந்தால் அந்த மங்கலான படம்தான் கடைசிவரை.

ஆக, போனும் வேண்டும், தாளும் வேண்டும். எதற்கு எது என்பதுதான் கேள்வி.

தை மாதம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு நானும் தம்பியும் மேலே போனோம். தையில் கொடைக்கானல் வெயில் சுள்ளென்று இருக்கும். மொட்டை மாடியில் பழைய வேட்டிகளை விரித்து 600 புத்தகங்களையும் பரப்பினோம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

அப்போது ஒன்றைக் கவனித்தோம். அப்பா தன் புத்தகங்களை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுப்பார். யாருக்கு, எந்தத் தேதியில் என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். சிலவற்றில் முப்பது, நாற்பது பெயர்கள்கூட இருந்தன. அப்படி ஊர் சுற்றி வந்த புத்தகங்களின் அட்டை கிழிந்திருந்தது, மூலை மடங்கியிருந்தது, ஒன்றில் பூண்டு வாசனைகூட வந்தது. ஆனால் பூசணம் மிகக் குறைவு. யாருக்கும் கொடுக்காமல், அந்துருண்டை போட்டு இரும்பு பீரோவில் பூட்டி வைத்திருந்த கெட்டி அட்டைப் புத்தகங்கள்தான் பூசணம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன.

விஞ்ஞானப்படி இதில் ஆச்சரியம் இல்லை. திறக்காத புத்தகத்துக்குள் காற்று போகாது. கொரிய அரசன் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பியதும் அதற்காகத்தான். ஆனால் அந்தப் பென்சில் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு அது விஞ்ஞானமாக மட்டும் தெரியவில்லை. தம்பிதான் முதலில் சொன்னான்: “அக்கா, இதை எல்லாம் இந்தப் பேர்களுக்கே கொடுத்துடலாமா?”

அப்பாவின் பழைய மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கடைசிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அதில் போட்டான். அன்றைக்கு ராத்திரியே பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஐந்தாம் வகுப்பில் வாங்கிப் படித்தவர்களுக்கு இப்போது பேரன் இருக்கிறான். சிலர் ஆசிரியர்கள் ஆகியிருந்தார்கள். வாரக் கடைசியில் ஜீப்பிலும் பைக்கிலும் வந்து 300-க்கும் மேல் எடுத்துப் போனார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா, “திறந்து படிக்கிறதா இருந்தா எடுத்துட்டுப் போப்பா” என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்றவர்!

எந்தக் கடையிலும், இணையத்திலும் கிடைக்கிற புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்தோம். பூசணம் தின்று தாளே பொடிகிற நாற்பது புத்தகங்களில் அப்பா ஓரத்தில் எழுதிய குறிப்புகளை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டோம். அப்பா பைண்டிங் செய்த தொடர்கதைகள் எங்களோடு திண்டுக்கல் வந்துவிட்டன. கதை இணையத்தில் கிடைக்கும். ஆனால், கதையின் பின்பக்கத்தில் இருக்கிற அந்தக் காலத்து ஜோக்கும் சோப்பு விளம்பரமும், அப்பா தடவிய கோந்தும் வேறெங்கே கிடைக்கும்?

போனில் எடுத்த படங்களைத் தம்பி, நான், என் மகள் மூன்று பேரும் தனித்தனியே வைத்திருக்கிறோம். வருடா வருடம் தை மாதத்தில் போனில் அலாரம் அடிக்கும், பெயர் ‘போஸ்வே’. அன்றைக்குப் புத்தகங்களை மாடியில் உலர்த்த வேண்டும், போட்டோக்களையும் திறந்து பார்த்து இன்னொரு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும். போனில் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். போன் பழுதாகும், பாஸ்வேர்டு மறக்கும். பூட்டிய பீரோவுக்கும் திறக்காத ஃபோல்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு விஷயத்தில் செல்போனுக்கு முழு மார்க் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை. அப்பாவின் பொடி எழுத்தைத் தாளில் படிக்க முடிவதில்லை. போன் திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஓரக் குறிப்புகளைத் தினம் மத்தியானம் ஒவ்வொன்றாகப் படிக்கிறார். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவர் படித்திராத குறிப்புகள். “இந்தக் கதையை இவ்வளவு திட்டி எழுதியிருக்காரே!” என்று நேற்று ஒரே சிரிப்பு.

உங்கள் வீட்டிலும் பூட்டிய பீரோ ஒன்று இருக்கலாம். வெயில் நன்றாக அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள். வசம்பு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.