பானை மட்டும் போதாது

பங்குனி பிறந்துவிட்டால் எலுமிச்சம்பழத்துக்கு மரியாதை கூடிவிடும். மழைக்காலத்தில் மூட்டை கட்டி அனுப்பினால் வண்டிக்கூலிக்கே காணாத பழம், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக எண்ணி விற்கும் பொருளாகிவிடும். 2022 ஏப்ரலில் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது விவசாயிகளுக்கு மறந்திருக்காது. கோடையில் காய்ப்பு குறையும், ஜூஸ் குடிக்கும் ஆட்கள் கூடுவார்கள். அதனால் தோட்டத்து ஓரத்தில் நான்கு மரம் வைத்திருப்பவர்கூட, பழத்தை விற்றுவிட்டு வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் கடையில் பாட்டில் வாங்கி ஊற்றுவார்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்திலும் இதுதான் நடந்துவந்தது. இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல், கிணற்று மேட்டில் ஏழெட்டு எலுமிச்சை மரங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், கொத்திலிருந்து உதிர்ந்த பழத்துக்கு எந்தக் குறியீடும் விலை வாங்கித் தராது. வெட்டு நாளில் பெட்டிக்குப் போகாத உதிரி கூடை கூடையாகச் சேரும். ஆடு மாடு தின்றது போக, மீதி குப்பைக் குழிக்குப் போகும்.

பந்தலுக்கு அடியில் நிழல் இருந்தாலும் காற்று கிடையாது. தலைக்கு மேலே இலை மூடியிருக்க, கீழே பாய்ச்சிய ஈரம் புழுங்கும். கையை உயர்த்தியபடியே கொத்து வெட்டுபவர்களுக்கு முதுகு நனைந்து சேலை ஒட்டிக்கொள்ளும். பதினொரு மணிக்குத் தோட்டத்துக்காரரின் மகன் பெரிய பாட்டிலாகக் கூல்டிரிங்ஸ் வாங்கி வருவார். ஆளுக்கு அரை டம்ளர் கிடைக்கும்.

அவருடைய அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பழம் காலுக்கடியில உதிந்து கெடக்கு, காசு குடுத்துக் கலர் தண்ணி எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, மறுவெட்டுக்குத் தானே பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

அந்தப் பானத்தின் பக்குவம் எளிது. ஒரு லிட்டருக்குக் கால் கிலோ பன்னீர் திராட்சை, நடுத்தர அளவில் 3 எலுமிச்சம்பழம், 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை. திராட்சையை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். கடைசியாக மருந்து அடித்து, காத்திருக்க வேண்டிய நாள்கள் முடியாத பழத்தைத் தொடவே கூடாது. அதை அலசிச் சரிசெய்துவிட முடியாது.

கழுவிய பழத்தை ஒரு டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தோல் வெடிக்கும்வரை ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் விட்டால் போதும். பிறகு மத்தால் லேசாக மசித்து வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து துவர்ப்பு ஏறிவிடும். சர்க்கரையைச் சூட்டோடு கலந்துவிட்டால் அடியில் தங்காமல் முழுதாகக் கரையும்.

எலுமிச்சைச் சாற்றைச் சூட்டில் ஊற்றக் கூடாது. வாசனையும் போகும், வைட்டமின் சி-யும் குறையும். முழுதாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, குறுக்காக வெட்டினால் சாறு எளிதாக இறங்கும். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தால் தோலின் எண்ணெய் இறங்கிக் கசக்கும். விதையை உடனே எடுத்துவிட வேண்டும். சாற்றிலேயே கிடந்தால் நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும்.

ஊதா நிறத்தில் இருக்கும் திராட்சைச் சாற்றில் எலுமிச்சை விழுந்ததும் பளிச்சென்ற சிவப்பாக மாறும். சாயம் கலந்ததோ என்று பயப்பட வேண்டாம். திராட்சைத் தோலில் இருக்கும் இயற்கை நிறமி புளிப்பு பட்டால் அப்படித்தான் மாறும். பிறகு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி ஒரு லிட்டராக்கிக்கொள்ளலாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும் அலுமினியமும் இதற்கு ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, மண்பானை நல்லது. எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸைப் போடுவதைவிட, ஈரத்துணி சுற்றிய மண்பானைக் குளிர்ச்சியே மேல்.

திராட்சை கிடைக்காத ஊரில் தர்பூசணியை மசித்து வடிகட்டிச் சேர்க்கலாம். அதை அடுப்பில் வைக்கத் தேவையில்லை. அன்னாசி, நாவல் என்று எது உதிரியாகக் கிடைக்கிறதோ அதுவும் ஆகும். இனிப்பான பழமாக இருந்தால் சர்க்கரையைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் குடிப்பதற்கு ஒரு சிட்டிகை உப்பு போதும். வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்பவர்களுக்கு அது போதாது. வியர்வையோடு தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போகிறது. அவர்களுக்கு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு போடலாம். அதற்கு மேல் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் திராட்சையும் இல்லாத உப்பு எலுமிச்சைத் தண்ணீரைத் தனியாக வைக்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் உப்பு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த அம்மா இத்தனையும் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். முதல் நாள் எல்லோரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, "நல்லாருக்குக்கா" என்றார்கள். ஆனால், சாயங்காலம் பார்த்தால் பானையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஆண்கள் மூன்று நான்கு முறை மோந்து குடித்திருந்தார்கள். பெண்கள் அந்த ஒரு டம்ளரோடு சரி. இனிப்பு கூடிவிட்டதோ என்று அடுத்த வெட்டுக்குச் சர்க்கரையைக் குறைத்தார். அப்போதும் பானை வற்றவில்லை.

மூன்றாவது வெட்டில், இரண்டு மணி வாக்கில், கத்தரிக்கோலோடு நின்ற ஒரு பெண் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். பந்தலைவிட்டு வெளியே காற்றோட்டமான வேப்பமர நிழலுக்குத் தூக்கிவந்து, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார்கள். கண் விழித்துத் தெளிவாகப் பேசிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அதுதான் சரியான முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நினைவு தப்பினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டார்: "ஏத்தா, பானை நெறையாக் கெடக்கே, ஒரு டம்ளர் மோந்து குடிச்சா என்ன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த வயதானவர்தான் பதில் சொன்னார்: "குடிச்சுப்புட்டு எங்கக்கா ஒதுங்குறது? சுத்தி ஆம்பளையாளுக நிக்கிறாக. காலையில வீட்ட விட்டுக் கெளம்புறப்பவே தண்ணி குடிக்கமாட்டோம்."

அவ்வளவுதான் காரணம். அது அந்த அம்மாவுக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவரும் அப்படித்தான் வேலை பார்த்திருக்கிறார். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடிவந்த பிறகு அந்தக் கஷ்டம் மறந்துபோயிருந்தது.

அடுத்த வெட்டுக்கு முன்னால் மகனிடம் சொல்லி, கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி, உறை இறக்கி ஒரு கழிப்பறை கட்டவைத்தார். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் உள்தாழ்ப்பாள் போட்ட கதவு, மோட்டார்த் தண்ணீர் வரும் ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு சோப்பு. "ரெண்டு ரூபா சம்பளம் கூட்டிக் கேக்குறாக, இது வேறயா?" என்று மகன் முணுமுணுத்தார். "மயங்கி விழுந்தவள ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற செலவ எண்ணிப் பாரு" என்றதும் பேச்சு நின்றது. அந்த வெட்டில் மதியத்துக்குள் பானை காலியானது. இரண்டாவது முறையும் கலக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலும் பேரிடர்தான் என்று அரசாங்கமே சொல்லும் காலத்தில், நம் தோட்டத்துக்கு வரும் ஆட்களின் தாகம் நம் கணக்கில் சேராமல் இருக்க முடியாது. காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலில் 12 முதல் 3 வரை நிறுத்தலாம். மணிக்கொரு முறை எல்லோரையும் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லலாம். கூப்பிடாமல் பலரும் வரமாட்டார்கள்.

காலையில் கலக்கிய பானத்தைச் சாயங்காலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். திராட்சைச் சாறு கோடை வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால், தண்ணீர் சேர்க்காத திராட்சைச் சாற்றை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, எலுமிச்சையை அவ்வப்போது பிழிந்து கலந்துகொள்ளலாம்.

இந்தக் கோடையில் தோட்டத்தில் பானை வைக்க நினைப்பவர்கள், பெண்கள் ஒதுங்க ஒரு மறைவிடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் பறிக்கப் போகலாம்.