பாலங்களைப் படம் எடுத்தோம்

ஒரு காலத்தில் பாலத்தின் பக்கம் கமராவைத் திருப்பவே பயப்படுவோம். பாலம் என்றால் சோதனைச் சாவடி, மண்மூட்டை, வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டுவது என்றே எங்கள் மாவட்டப் பெண்கள் பலரின் மனதில் பதிந்திருக்கிறது. அதனால்தான், கடந்த மாசி மாதம் செங்கலடிப் பகுதிச் சகோதரிகள் பதினொரு பேருடன் இரண்டு நாள் பயணம் புறப்பட்டபோது, வழியிலுள்ள பாலங்களையும் படம் எடுப்பதென்று முடிவு செய்தோம். மாதர் சங்கச் சேமிப்பில் ஒரு வான் பிடித்தோம். கையில் ஒரு சிறிய கமராவும் மூன்று கைத்தொலைபேசிகளும் இருந்தன.

முதற் படம் செங்கலடிக் கறுத்தப் பாலம். 2007 வரை இது இரு தரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் எல்லையாக இருந்த இடம். வானை ஓரமாக நிறுத்தி இறங்கியதும், எல்லோரும் தங்களை அறியாமலே கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சூரியனுக்கு எதிரே நின்று எடுத்த படம் இருண்டு போனது. வெயில் முதுகில் படும்படி நின்று எடுத்தது நன்றாக வந்தது. அன்று படித்த முதற் பாடம் அது.

கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயா வரைக்கும் பல இடங்களில் காடுதான். பாலை, வீரை, முதிரை மரங்களினூடே வெளிச்சம் விழும் அழகை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் அருகில் நின்ற சகோதரி, "தொண்ணூறாம் ஆண்டு ஓடிவந்து இப்படிக் காட்டுக்குள்ளதான் கிடந்தம். வீரப்பழம்தான் சாப்பாடு" என்றார். சற்று நேரத்தில் என்னிடம் கமராவை வாங்கி, ஒரு வீரை மரத்தை அடியிலிருந்து நுனிவரை தானே எடுத்தார். நடுங்கிய கையால் எடுத்த படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. "இருக்கட்டும், அழிக்காதீங்க" என்றார்.

பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளையை அடைந்து, துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குச் சென்றோம். ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கி ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்கவேண்டும். ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர், அடியில் புகைபோல எழும்புகிறது. பதுளு ஓயா பிறகு மகாவலியோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. "அப்ப இது எங்கட கிழக்குக்கு வாற தண்ணி" என்று ஒருவர் மகிழ்ந்தார். கமராவின் கண்ணாடியில் தூவானம் படிந்துகொண்டேயிருந்ததால், ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டோம்.

அன்றிரவு பதுளையில் தங்கினோம். எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களுள் மூத்தவரான அம்மா, "எல்லாத்திலயும் மலையும் தண்ணியும்தான் கிடக்கு மனே. நாம வந்ததுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்.

உண்மைதான். கமராவைத் திருப்பியபோதெல்லாம் எல்லோரும் விலகிப் போயிருந்தார்கள். காரணமும் அன்றிரவுதான் தெரிந்தது. விண்ணப்பப் படிவத்துக்கும் அடையாள அட்டைக்கும் அல்லாமல் படம் எடுத்து எத்தனையோ வருடம் என்றார் ஒருவர். இன்னொருவரின் வீட்டு அல்பம் முழுவதும் இடப்பெயர்வில் போய்விட்டது. 1990இல் காணாமற்போன கணவருக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மனுக்களுக்காக அதைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்ததில் முகமே மங்கிவிட்டது. "படம் எண்டா அழுகைதான் எனக்கு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போனோம். 1921இல் இரும்பு இல்லாமல், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டது. தண்டவாளத்தில் நிற்பது ஆபத்து என்பதால் பக்கத்து மேட்டில் நின்றோம். மூத்த அம்மா முதலில் முன்வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வளைவுகள் பின்னால் தெரிய நிமிர்ந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆள் நின்ற பிறகுதான் பாலத்தின் உயரமும் படத்தில் தெரிந்தது.

இராவணன் நீர்வீழ்ச்சியை வீதியோரத்தில் நின்றே எடுத்தோம். வழுக்குப் பாறையில் ஏறவேண்டாம். வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ கடந்து லாகுகலைக் காட்டுவழியில் யானைகளைக் கண்டோம். வானை விட்டு இறங்கவில்லை.

மாலையில் அறுகம்குடா. 2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை சிதைத்த பாலத்துக்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய பாலத்தில் நின்று கடலைப் பார்த்தோம். அந்த அலையில் தங்கையைப் பறிகொடுத்த சகோதரி கடலுக்கு முதுகு காட்டி நிற்க மறுத்தார். "அத நம்பேலாது" என்றார். கடலைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நின்றார். அப்படியே எடுத்தோம்.

கரையோர வீதியால் வந்து கல்லடியை அடைந்தபோது இரவாகிவிட்டது. 1924இல் கட்டிய லேடி மானிங் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் வாவியில் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. இருட்டில் கை அசையாதிருக்க, கமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, பன்னிரண்டு பேரும் நிற்க ஒரு படம் எடுத்தோம். எடுத்து உதவியவர் வான் சாரதி.

அடுத்த கூட்டத்துக்கு எல்லாப் படங்களையும் அச்சிட்டுக் கொண்டுபோனேன். கைத்தொலைபேசி பழுதானால் அதிலுள்ள படமும் போய்விடும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், இடம், திகதி எழுதினோம். "படம் எண்டா அழுகைதான்" என்ற சகோதரி, தனது படத்தைக் கணவரின் மங்கிய படத்துக்குப் பக்கத்தில் சட்டமிட்டு வைத்திருக்கிறார்.

தோழியரே, தூரப் பயணம் எல்லோருக்கும் முடியாமற் போகலாம். உங்கள் ஊரிலும் ஒரு பாலமோ குளக்கட்டோ இருக்கும். அங்கே போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்துக்கும் ஒட்டாமல் அதை வீட்டில் வையுங்கள்.