ஒரு சஹன், பல கைகள்

காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் லுஹர் தொழுகை முடிந்ததும் கூடத்தில் சுப்ரா என்னும் சாப்பாட்டு விரிப்பை விரிப்பார்கள். நடுவில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹன் வரும். பெரியும்மா சோற்றைக் குவித்து, மேலே மீன் ஆணத்தை ஊற்றி, சுற்றிலும் எங்களை உட்காரவைப்பார். அக்காவான ராத்தா, நான், தம்பி, பெரியும்மாவின் பிள்ளைகள் என்று தோளோடு தோள் இடிக்கும். "பிஸ்மி சொல்லு. உன் முன்னால உள்ளத மட்டும் எடு" என்ற குரல் தினமும் கேட்கும். சோற்றில் கோடு ஏதும் இருக்காது. ஆனாலும் அவரவர் எல்லை அவரவருக்குத் தெரியும்.

மீன் மட்டும் நடுவில் இருக்கும். பெரியும்மா பாறை மீனைப் பிட்டு, விரல்நுனியால் தடவி முள்ளை எடுத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக ஒதுக்குவார். தம்பி அப்போது மெலிந்திருந்தான். ராத்தா தன் பங்கிலிருந்து ஒரு பிடியை அவன் பக்கம் தள்ளிவிடுவாள்; கேட்டால் "எனக்குப் போதும்" என்பாள். நாங்கள் எழுந்த பிறகுதான் உம்மா வந்து உட்காருவார். ஓரங்களில் மிஞ்சிய சோற்றைக் கூட்டி, சட்டியில் ஒட்டிய ஆணத்தை வழித்துப் போட்டுப் பிசைவார். மீன் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

ஒருமுறை ஊட்டச்சத்துக் கணக்கெடுக்க ஓர் அக்கா வந்தார். பையிலிருந்து சிறிதும் பெரிதுமான எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தார். "நேத்து ஒவ்வொருத்தரும் இதுல எத்தனை கிண்ணம் சோறு சாப்பிட்டீங்க?"

உம்மா கிண்ணங்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் ஒரே சஹன்லதாம்மா சாப்புட்டோம். ஒரு படி அரிசி உலையில போட்டேன்."

அந்த ஒரு படியை அக்கா எழுதிக்கொண்டார்.

பிற்பாடு ஊட்டச்சத்துப் படிப்பில் சேர்ந்தபோதுதான் அந்தப் படி என்ன கணக்காகியிருக்கும் என்று புரிந்தது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. வீட்டுக்கு மொத்தமாகச் சமைத்ததை ஆட்களுக்குப் பிரிக்க அங்கே 'நுகர்வு அலகு' என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 1, அப்படிப்பட்ட பெண்ணுக்கு 0.8, 5 முதல் 7 வயதுப் பிள்ளைக்கு 0.6. காகிதத்தில் உம்மாவுக்கு 0.8 பங்கு வந்துவிடும். சஹனில் வந்ததா என்று அந்த எண் சொல்லாது.

ஒரே தட்டில் பகிர்ந்து உண்பது பிள்ளையின் உணவையே மாற்றுகிறது என்று, வைட்டமின் ஏ குறைந்த நேபாளக் குழந்தைகளைப் பற்றி 1998இல் வந்த ஆய்வு காட்டியது. ஆளுக்கொரு தட்டு வைத்து நிறுத்தால் அளவு துல்லியமாகும். ஆனால் அப்போது ராத்தாவின் கை தம்பி பக்கம் நீளாது. அதனால் உண்மையான பங்கும் தெரியாமல் போகும். அதற்குப் பதிலாக, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சஹனை நிறுக்கலாம். பக்கத்தில் இருந்து யார் எத்தனை பிடி எடுத்தார் என்று எண்ணலாம். பெரியவர் பிடியும் பிள்ளையின் பிடியும் ஒன்றல்ல. அதனால் ஆளுக்கொரு பிடியைத் தனியே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மீனையும் ஆணத்தையும் சோற்றோடு சேர்க்காமல் தனியாகக் குறிக்க வேண்டும்.

கணக்கெடுக்கப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உலையில் எவ்வளவு போட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யார் கடைசியில் உட்கார்ந்தார், அப்போது சஹனில் என்ன மிச்சமிருந்தது என்பதையும் எழுதுங்கள்.