நாற்பதாண்டுத் துக்கம்

சென்ற மாதம், ஆம்பூரில் நான் ஓதிக்கொடுக்கும் பெண்கள் மதரஸாவுக்கு மாணவி ஒருத்தி கரிய மணிகள் கோத்த மாலை அணிந்து வந்தாள். "பழைய இங்கிலாந்து பாணியாம், இப்போது இதுதான் புதுசு" என்றாள்.

பட்டப்படிப்பில் வரலாறு பயின்றவள் நான். 1861 டிசம்பர் 14 அன்று கணவர் ஆல்பர்ட் இறந்தபின், விக்டோரியா மகாராணி 1901இல் மறையும் வரை கறுப்பையே உடுத்தினார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும், விட்பி கடற்கரையில் கிடைத்த 'ஜெட்' என்னும் கரிய பொருளில் துக்க நகை செய்து அணிந்தனர். இறந்தவரின் தலைமுடியையும் பதக்கத்துள் பொதிந்து வைத்தனர்.

நாற்பதாண்டுத் துக்கமா என்று வியந்தவளுக்குச் சொந்த அக்காவின் நினைவு வந்தது. தோல் தொழிற்சாலையில் பணிபுரிந்த மச்சான் வஃபாத்தாகிப் பதினோராண்டுகள். அன்று கருகமணியோடு வளையலும் கழன்றது. இத்தா முடிந்தும் வெறுங்கைதான். நிக்காஹ் வீடுகளில் பின்வரிசைதான். கேட்டால், "ஊர் என்ன சொல்லும்?" என்பார்.

மார்க்கம் விதித்ததோ கணவனுக்கு நான்கு மாதம் பத்து நாள். பிற உறவினர்க்கு மூன்றே நாள். தந்தை அபூசுஃப்யான் மறைந்த மூன்றாம் நாள், உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் நறுமணம் வருவித்துப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் நாட்டமில்லை. நபி (ஸல்) அவர்களின் சொல்லுக்காகவே பூசினார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை!

அன்று மாலை ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிச் சென்று, அந்தப் பாடத்தையும் சொன்னேன். அக்கா நெடுநேரம் பார்த்திருந்தார். பின்பு இரண்டை மட்டும் எடுத்து அணிந்து, "அளவு சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வெறுங்கை ஒன்று இருக்கிறதா?